நிலையின் உள்ளளவு

வீடு கட்டி முடியாதவரை சனோபரால் அதற்குள் போக முடிந்தது.

மண் தள்ளும் வண்டிக்காகப் பலகைகள் போட்டிருந்தார்கள். முற்றத்திலிருந்து அடித்தளத்துக்கு ஒன்று. அறைக்கு அறை ஒன்று. வாசல்கள் வெறும் திறப்புகளாக இருந்தன. நிலை இல்லை, கதவு இல்லை, கீழ்ப்படி இல்லை. வண்டி போகும் இடமெல்லாம் அவளுடைய சக்கர நாற்காலியும் போனது. வேலையாட்கள் மதியம் சாப்பிட இறங்கியதும் அவள் ஏறுவாள். எல்லா அறைகளையும் சுற்றுவாள். வண்டிச் சத்தம் கேட்டால் ஒதுங்கிக்கொள்வாள்.

"இன்னிக்கும் சோதனையா?" என்பார் எர்காஷ் மேஸ்திரி. "சுவர் கோணலா இருந்தா இப்பவே சொல்லிடு. கூரை போட்டப்புறம் சொன்னா நான் ஊர்ல இருக்க மாட்டேன்."

"சுவர் நேராத்தான் இருக்கு மேஸ்திரி. தொப்பிதான் கோணல்."

முற்றத்தின் மறுபக்கம் பழைய வீடு. அதில் அக்ரூட் கொட்டை குவித்து வைக்கும் அறை மட்டும் தரையோடு தரையாக இருந்தது. சனோபர் அதில்தான் இருந்தாள். மற்ற அறைகளுக்குப் படி ஏற வேண்டும். இலையுதிர்காலத்தில் ஊரே காட்டுக்குப் போய்க் கூடாரம் அடித்துக் கொட்டை பொறுக்கும். அப்பா இறந்த வருஷம் கிளையை உலுக்க ஏறியவள், கிளையோடு கீழே வந்தாள். அந்த ஊரில் அப்படி விழுந்தவர்கள் இன்னும் சிலர் உண்டு. எல்லோரும் ஆண்கள். பெண் ஏன் ஏறினாள் என்று கொஞ்சநாள் பேசினார்கள். பிறகு நிறுத்திக்கொண்டார்கள்.

புது வீடு தம்பி ரவ்ஷானுடையது. அவன் ரஷ்யாவில் கட்டட வேலை பார்த்தான். வீட்டைக் கட்டி, கல்யாணம் செய்துகொண்டு, திரும்பிப் போவதாக வந்திருந்தான்.

வசந்தத்தில் வரைபடத்துக்காக வட்டார அலுவலகம் போனபோது அவளையும் காரில் கூட்டிப் போனான். அலுவலகத்தில் படிகள் இருந்தன. அவள் காரிலேயே இருந்தாள். வரைபடக்காரர் சிகரெட்டுடன் கார் ஜன்னலுக்கு வந்தார். சனோபர் கைப்பேசியில் விதியைக் காட்டினாள். வாசலின் உள்ளளவு தொண்ணூறு சென்டிமீட்டர். கீழ்ப்படி ஒரு விரல் தடிமனுக்கு மேல் கூடாது.

"விதி இருக்கு," என்றார் அவர். "பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பேங்க், அதுக்கெல்லாம். சொந்த வீட்டுக்கு யாரும் வந்து அளக்கப் போறதில்ல. நீங்க வாசலே வைக்காம ஜன்னல் வழியா ஏறிப் போனாலும் அரசாங்கம் ஒண்ணும் கேக்காது."

"எல்லா வாசலும் தொண்ணூறு போடுங்க," என்றான் ரவ்ஷான்.

"எல்லாமா?"

"எல்லாம். அக்கா எந்த ரூமுக்குப் போவான்னு நான் எதுக்கு முடிவு பண்ணணும்?"

திரும்பி வரும்போது அவன் சாலையோரம் நிறுத்தித் தர்பூசணி வாங்கினான். அவள் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டாள்.

சுவர் எழுப்ப ஹஷர் வைத்தார்கள். தெருவே வந்தது. கூலி கிடையாது, வயிறு நிறையப் பிலாவ் சோறு. சிலர் மண் மிதித்தார்கள், சிலர் கல் கொடுத்தார்கள். ரவ்ஷான் ஒரே அளவில் குச்சிகள் வெட்டி ஒவ்வொரு திறப்பிலும் குறுக்கே வைத்தான். நிலைக்கட்டை போக உள்ளே தொண்ணூறு நிற்கும்படி கணக்கு.

"என்னடா இது, உள்ள மாடு கட்டப் போறியா?" என்றார் பக்கத்து வீட்டு பத்ரித்தீன். பெருத்த ஆள்.

"இல்ல மாமா. விருந்துக்கு உங்களக் கூப்பிடலாம்னு."

எல்லோரும் சிரித்தார்கள். கொப்பரையில் கேரட்டைக் கிளறிக்கொண்டிருந்த அம்மா சிரிக்கவில்லை. சனோபர் அதைக் கவனித்தாள். புகையாக இருக்கும் என்று நினைத்தாள்.

கோடையில் பக்கத்து ஊரில் ஒரு பெண் பார்த்தார்கள். மோஹினூர். தையல் தெரியும். ரவ்ஷானுக்குப் பிடித்திருந்தது. பெண்ணின் அத்தை வீடு பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினாள்.

அன்று மாலை தேநீர் குடிக்கும்போது அம்மா கரோமத் பேச்சை எடுத்தாள்.

"நிலை எல்லாம் சந்தையில ரெடியா இருக்கு. எழுபது அளவு. நாளைக்கு எடுத்துட்டு வந்துடலாம்."

"திறப்பு பெருசா இருக்கே," என்றான் ரவ்ஷான்.

"ரெண்டு பக்கமும் கல்லு வச்சு அடைக்கலாம். எர்காஷ்கிட்ட கேட்டுட்டேன்."

சனோபர் கோப்பையைக் கீழே வைத்தாள். "எழுபதுங்கறது வெளி அளவும்மா. கட்டை போக உள்ள அறுபதுதான் நிக்கும். என் நாற்காலி அறுபத்தஞ்சு. அதுக்கு வெளிய என் கை வேற."

"தெரியும்."

"தெரிஞ்சுதான் சொல்றீங்களா?"

அம்மா ரொட்டியைப் பிய்த்து எல்லோர் முன்னாலும் வைத்தாள். "பொண்ணு கொடுக்க வர்றவ முதல்ல மாமியாரப் பார்ப்பா. அப்புறம் கழிப்பறை. அப்புறம் வாசல். வண்டி நுழையற மாதிரி வாசல் வச்சிருந்தா ஏன்னு கேப்பா."

"ஏன்னு சொல்லுங்க."

"என்னன்னு சொல்லட்டும்? என் மக சாகறவரைக்கும் இங்கதான் இருப்பா, நான் போனப்புறம் உன் மக அவளப் பார்த்துக்கணும்னா? போன வருஷம் வந்தவங்க டீயத் தொடாமப் போனாங்க. மறந்துட்டியா? முற்றத்துல உன்னப் பார்த்தாங்க, செருப்பப் போட்டாங்க, கிளம்பிட்டாங்க."

சனோபர் மறக்கவில்லை.

"அதோட, கீழ்ப்படி இல்லாத வீட்டுல பரக்கத் நிக்காது. மருமக எதைப் பார்த்துக் குனிஞ்சு சலாம் வைப்பா? மொட்டத் தரையப் பார்த்தா?"

"ரவ்ஷான்," என்றாள் சனோபர்.

அவன் தேநீரை ஆற்றினான். அது ஏற்கெனவே ஆறியிருந்தது. "கல்யாணம் முடியட்டும்க்கா. அப்புறம் இடிச்சு மாத்திடலாம்."

"கல்யாணம் முடிஞ்சதும் நீ ரஷ்யாவுல இருப்ப. யாரு இடிப்பாங்க? உன் பொண்டாட்டியா?"

அம்மா விரிப்பை மடிக்க ஆரம்பித்தாள்.

அதன்பின் வீடு ஒவ்வொரு அறையாக மூடியது. முதலில் படுக்கையறைகள். பிறகு நடை. பிறகு சமையலறை. மேஸ்திரி திறப்பின் இரு பக்கமும் கல் வைத்து, நிலையை நிறுத்தி, ஆப்பு அடித்து, வைக்கோல் மண் பூசினார். கீழ்ப்படி அரை முழம் உயரத்துக்கு நின்றது. ஒவ்வொரு நிலை ஏறியதும் ஒரு பலகையை எடுத்துச் சுவரோரம் சாய்த்தார். சனோபர் மதியத்தில் போய்ப் பார்ப்பாள். போக முடிந்த தூரம் நாளுக்கு நாள் குறைந்தது.

"என்னய முறைக்காத," என்றார் மேஸ்திரி. "நான் வீட்டுக்காரங்க சொன்னதச் செய்யறவன்."

"நானும் இந்த வீட்டுக்காரிதான்."

"அத உங்கம்மாகிட்ட சொல்லு."

விருந்தினர் அறை கடைசியாக இருந்தது. அது நேராக முற்றத்துக்குத் திறக்கும். அத்தை வருகிற அன்று காலைதான் அதன் நிலை வந்தது. ரவ்ஷான் அவர்களை அழைத்துவரக் காரை எடுத்துக்கொண்டு போனான். அம்மா இனிப்பு வாங்கச் சந்தைக்குப் போனாள். சனோபர் நல்ல சட்டையை மாற்றி, தலையில் பட்டுத் துணி கட்டி, பலகை ஏறி விருந்தினர் அறைக்குள் போனாள். தரையில் மெத்தைகள் விரித்திருந்தார்கள். மூலையில் நாற்காலியை நிறுத்தினாள்.

மேஸ்திரி நிலையைத் தோளில் சுமந்து வந்தார்.

"வெளிய வாம்மா. இத நிறுத்தணும்."

"நிறுத்துங்க."

"நிறுத்தினா நீ எப்படி வெளிய வருவ?"

"அது என் கவலை."

அவர் நிலையைச் சுவரில் சாய்த்துவிட்டுச் சிறிது நேரம் நின்றார். வாசலைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். "நிலை இல்லாம விருந்தாளி வந்தா என் பேருதான் கெடும்," என்றார். பிறகு கல்லை எடுத்தார்.

அம்மா திரும்பி வந்தபோது ஆப்புகள் இறங்கியிருந்தன. பலகையும் போயிருந்தது. அவள் இனிப்புப் பொட்டலத்தோடு வாசலில் நின்றாள்.

"வெளிய வா."

"முடியாதும்மா. அறுபதுதான்."

அம்மா உள்ளே வந்து அவள் கைக்குக் கீழே கை கொடுத்துத் தூக்கிப் பார்த்தாள். சனோபர் உதவவில்லை. அம்மாவால் முடியவில்லை. மூச்சு வாங்கியது.

"எர்காஷ், ஒரு கை கொடு."

"நான் எப்படி? அந்நிய ஆம்பள," என்றார் மேஸ்திரி. வாளியை எடுத்துக்கொண்டு முற்றத்தின் மறுகோடிக்குப் போய்விட்டார்.

"ஏன்டி இப்படிப் பண்ற?" அம்மாவின் குரல் தாழ்ந்திருந்தது. "அவன் உன் தம்பி. அவனுக்கு ஒரு குடும்பம் வேணாமா?"

"வேணும். எனக்கு ஒரு வாசல் வேணும்."

கார் வந்து நின்றது.

பெண்ணின் அத்தை ஹனிஃபா அகன்ற உடம்புக்காரி. கூடவே ஒரு மெலிந்த உறவுக்காரி வந்திருந்தாள். ஹனிஃபா பாவாடையைத் தூக்கிக் கீழ்ப்படியைத் தாண்டினாள். நிலையில் இடுப்பு இடித்தது. ஒருக்களித்து உள்ளே வந்தாள். சனோபரைப் பார்த்ததும் நின்றாள்.

"என் மக," என்றாள் கரோமத். ரொட்டிகளை அடுக்கும் சாக்கில் குனிந்துகொண்டாள்.

"மரத்துலேர்ந்து விழுந்ததா கேள்விப்பட்டேன். நல்லா இருக்கியாம்மா?"

"நல்லா இருக்கேன் பெரியம்மா. உட்காருங்க."

உட்கார்ந்து துஆ ஓதினார்கள். தேநீர் ஊற்றப்பட்டது. ஹனிஃபா கூரையைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள். பிறகு நாற்காலியைப் பார்த்தாள். பிறகு வாசலை.

"நானே பக்கவாட்டுலதான் நுழைஞ்சேன். நீ இதோட எப்படி உள்ள வந்த?"

"கதவு வர்றதுக்கு முன்னாடியே வந்துட்டேன்."

மெலிந்தவள் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். ஹனிஃபா சிரிக்கவில்லை.

"அவ இங்க இருக்க மாட்டா," என்றாள் கரோமத் அவசரமாக. "அந்தப் பக்கம் அவளுக்குத் தனி ரூம் இருக்கு. உங்க பொண்ணுக்கு ஒரு வேலையும் வராது. நான் பார்த்துக்கறேன்."

"நீங்க இருக்கறவரைக்கும்," என்றாள் ஹனிஃபா. கோபமாகச் சொல்லவில்லை.

கரோமத் அவளுக்கு மறுபடி தேநீர் ஊற்றினாள்.

சனோபர் காலையிலிருந்து இதற்காகத்தான் காத்திருந்தாள்.

"பெரியம்மா, நான் குளிக்க, உடுத்த யாரையும் கூப்பிடறதில்ல. மாவு பிசைவேன். தந்தூர்ல ரொட்டி நான்தான் போடறேன். நீங்க சாப்பிடறது நான் போட்டது. இந்த வாசல் தொண்ணூறு இருந்து, கீழ்ப்படியும் இல்லேன்னா நானே வருவேன், நானே போவேன். உங்க பொண்ணு என்னைத் தொடக்கூட வேணாம். இப்படியே இருந்தா, ஒவ்வொரு தடவையும் ரெண்டு பேரு தூக்கணும். தம்பி ரஷ்யாவுல இருப்பான். அம்மாவால இன்னிக்கே முடியல. அப்ப யாரு தூக்குவாங்க?"

ஹனிஃபா கையிலிருந்த ரொட்டியைத் திருப்பி அதன் அடிப்பக்கத்தைப் பார்த்தாள். கருகவில்லை. ஒரு துண்டு வாயில் போட்டாள்.

"எத்தனை கிலோ இருப்ப?"

"அம்பத்தெட்டு."

"எங்க பொண்ணு நாப்பத்தொம்பது," என்றாள் ஹனிஃபா.

போகும் முன் பேச்சு முடிவானால் ஒரு ரொட்டியை இரு வீட்டாரும் சேர்ந்து உடைப்பார்கள். கரோமத் அதற்கென்று பெரிய ரொட்டி ஒன்றைப் பட்டில் சுற்றி வைத்திருந்தாள். ஹனிஃபா அதைப் பார்த்தாள். தொடவில்லை.

"கலந்து பேசிட்டுச் சொல்றோம்," என்றாள்.

அவர்களை விட்டுவிட்டு ரவ்ஷான் திரும்பி வந்து விருந்தினர் அறைக்குள் நுழைந்தான். அம்மா கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். யாரும் அவனுக்கு விளக்கிச் சொல்லவில்லை. காரில் அவர்கள் பேசிக்கொண்டதே போதுமாக இருந்தது.

"சந்தோஷமாக்கா?"

"இல்ல."

அவன் குனிந்து அவளைத் தூக்கினான். வாசலில் இருவரும் பக்கவாட்டில் திரும்ப வேண்டியிருந்தது. அவள் முட்டி நிலையில் உரசியது, அவளுக்குத் தெரியவில்லை. அவன் கவனித்துக் குனிந்து பார்த்தான். ரத்தம் வரவில்லை. பழைய அறையில் படுக்கையில் உட்காரவைத்தான். நாற்காலியை எடுக்கத் திரும்பிப் போனான். அது மடிக்க முடியாத வகை. சாய்த்தும் கவிழ்த்தும் பார்த்தான். வரவில்லை.

"நிலையக் கழட்டவா?" என்று முற்றத்தில் நின்று கேட்டான். யாரைக் கேட்டான் என்று தெரியவில்லை.

"அவங்க பதில் வரட்டும்," என்றாள் அம்மா.

பதில் வரும்வரை சனோபர் படுக்கையில் இருந்தாள். கழிப்பறைக்கு ரவ்ஷான் தூக்கிப் போனான். அவன் இல்லாதபோது காத்திருந்தாள். அம்மா சாப்பாடு கொண்டுவந்து வைத்தாள். ரொட்டியை அம்மா போட்டாள். ஓரங்கள் கருகியிருந்தன. ரவ்ஷான் கைப்பேசியைப் பார்ப்பதும் சட்டைப்பையில் போடுவதுமாக இருந்தான். மோஹினூர் அவனுக்கு முன்போல் எழுதவில்லை.

"அவங்க வேணாம்னு சொன்னா," என்றான் ஒருமுறை வாசலில் நின்று.

"சொன்னா நான்தான் காரணம். சொல்லு, பரவால்ல."

"நான் அப்படிச் சொல்ல வரல."

"வேற என்ன சொல்ல வந்த?"

அவன் யோசித்தான். "தெரியல," என்றான்.

தொலைபேசி வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பின் வந்தது. அம்மா முற்றத்தில் நின்று பேசினாள். ஆமாம், சரி, கட்டாயம், இன்ஷா அல்லாஹ். பேசி முடித்ததும் முகத்தைக் கைகளால் தடவிக்கொண்டாள். பிறகு சனோபரின் அறைக்கு வந்து உட்கார்ந்தாள். அழுதிருந்தாள்.

"சம்மதம்னுட்டாங்க."

சனோபர் கண்ணை மூடித் திறந்தாள்.

"உன்னப் பத்திக் கேட்டாங்க. உன் ரொட்டி அந்தம்மாவுக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சாம். மோஹினூருக்குத் தந்தூர் சூடு ஆகாதாம், கை கொப்பளிக்குமாம். சமையல் உன் பொறுப்புன்னா அவங்களுக்கு நிம்மதின்னாங்க. சமையலறை வாசல நீ சொன்ன மாதிரி அகலமாக்கச் சொன்னாங்க. கல்யாணத்துக்கு முன்னாடியே."

"சமையலறை."

"ஆமா. கீழ்ப்படியும் வேணாம்னுட்டாங்க. அவங்களே சொன்னப்புறம் நான் என்ன சொல்ல?"

"மத்த வாசல்?"

"மத்த வாசலப் பத்தி அவங்க ஒண்ணும் சொல்லல," என்றாள் அம்மா. எழுந்து போய் ரவ்ஷானைக் கூப்பிட்டாள்.

மறுநாள் எர்காஷ் மேஸ்திரி வந்தார். நாற்காலியை வெளியே எடுக்க விருந்தினர் அறையின் நிலையைக் கழற்றினார். எடுத்தார். நிலையைத் திரும்ப நிறுத்தி ஆப்பு அடித்தார். பிறகு சமையலறைக்குப் போனார். அடைத்த கற்களைப் பெயர்த்து, தொண்ணூறு உள்ளளவில் புது நிலை வைத்தார். கீழ்ப்படி இருந்த இடத்தில் சிமெண்ட் போட்டு முற்றம்வரை சரிவாக இழுத்தார். நல்ல சரிவு. செங்குத்தாக இல்லை. சனோபர் பழைய அறை வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ரவ்ஷான் அவருக்குத் தண்ணீர் ஊற்றினான். அவள் பக்கம் திரும்பவில்லை.

சிமெண்ட் காய்ந்தபின் அம்மா கூப்பிட்டாள்.

சனோபர் சரிவில் ஏறினாள். வாசலைக் கடந்தாள். இரண்டு கைகளும் சக்கரத்தில் இருந்தன. நிலை எங்கும் படவில்லை. சமையலறை வெளிச்சமாக இருந்தது. அடுப்பு வந்துவிட்டது. அலமாரி வந்துவிட்டது. தாழ்வான மேசையில் பெரிய தட்டில் மாவு சலித்து வைத்திருந்தது. பக்கத்தில் உப்பு, வெதுவெதுப்பான தண்ணீர், ரொட்டியின் மேல் பூப்பூவாகக் குத்தும் முள் அச்சு. எதிரே நடைக்குப் போகும் உள்வாசல். அறுபது. கீழ்ப்படிக்கு அப்பால் கம்பளத்தின் ஓரம் தெரிந்தது. புதிது. அவள் அதைப் பார்த்ததில்லை.

"நாளைக்கு ரொட்டி உடைக்க வர்றாங்க," என்றாள் அம்மா. "நீயே போடு. அவங்க உன் கை ரொட்டியத்தான் கேட்டாங்க." பிறகு, மெல்ல, "வாசல் கேட்டியே. வந்துடுச்சு பாரு."

"வசந்தத்துலேர்ந்து நான் கேட்டேன்ம்மா. அவங்க ஒரே ஒரு தடவ கேட்டாங்க."

"யாரு கேட்டா என்ன. வந்துச்சா இல்லையா?"

"இது உங்க மருமகளுக்கு வந்த வாசல்."

அம்மா மாவுத் தட்டை அவள் பக்கம் நகர்த்தினாள். சனோபர் ஒரு கையளவு மாவை எடுத்துப் பார்த்தாள். நல்ல மாவு. நன்றாகச் சலித்திருந்தாள் அம்மா. அதைத் தட்டிலேயே போட்டாள். கையைத் தட்டிக்கொண்டாள். நாற்காலியைத் திருப்பினாள், திரும்ப இடம் தாராளமாக இருந்தது.

"எங்க போற?"

"என் ரூமுக்கு. மிச்ச வாசலுக்கு மேஸ்திரி வர்ற அன்னிக்குக் கூப்பிடுங்க. பிசையறேன்."

"நாளைக்கு அவங்க வர்றாங்கடி."

"தெரியும்மா."

முற்றத்தில் ரவ்ஷான் நின்றிருந்தான். எல்லாம் கேட்டிருக்கும். சாமான்களை எடுத்துப்போக வந்த எர்காஷ் மேஸ்திரி அவற்றைப் பையில் போட்டுக்கொண்டிருந்தார். சரிவில் அவள் வேகமாக இறங்கினாள். யாரும் பிடிக்கத் தேவைப்படவில்லை. அவள் தம்பியைத் தாண்டிப் போனாள். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வெளியே மேஸ்திரியின் குரல் கேட்டது.

"நான் கிளம்பட்டுமா, இருக்கட்டுமா?"

அவள் காத்திருந்தாள். ரவ்ஷானும் பதில் சொல்லவில்லை, அம்மாவும் பதில் சொல்லவில்லை.